எல்லா மேசையிலும் ஓடுகிற புரோகிராம்

ஹெப்சிபா அக்காவை முதல் ஒரு வருஷம் எனக்குக் குரலாக மட்டுமே தெரியும். எங்கள் ஷெட்டில் ஒவ்வொரு மானிட்டரின் ஓரத்திலும் அவருடைய போன் நம்பரை எழுதி ஒட்டியிருந்தார்கள். போன் போட்டால் ஹலோ என்று சொல்ல மாட்டார். "எந்த மேசை?" என்பதுதான் முதல் பேச்சு. மேசையைச் சொன்னதும் நாலைந்து கேள்வி கேட்பார். என்ன தட்ட வேண்டும் என்று சொல்வார். ஓட ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகும் போனை வைக்க மாட்டார். வெள்ளைத்தாய் இன்றைக்கு வந்திருக்கிறாரா, அவர் மருமகளுக்குப் பிள்ளை பிறந்துவிட்டதா, அங்கே மழை இருக்கிறதா, பின்னால் கேட்பது மடிக்கிற மெஷினா வெட்டுகிற மெஷினா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

எங்கள் யூனிட்டில் பேண்டேஜ் துணி செய்கிறோம். இராஜபாளையத்தில் பெரிய ஷெட், ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்ன ஷெட். இரண்டுக்கும் முதலாளி நவநீதகிருஷ்ணன் சார். கிருஷ்ணன்கோவிலில் பி.டெக். முடித்துவிட்டு நான் இங்கே தரக்கட்டுப்பாட்டு வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம் என்னுடையதுதான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

வெளுத்துக் காயவைத்த துணி, கண்ணாடி பதித்த மேசைகளின் மேல் ஓடும். கீழே விளக்கு, மேலே கேமரா. எண்ணெய்க் கறை, பருத்திக்கொட்டைத் துணுக்கு, அறுந்த இழை எது வந்தாலும் புரோகிராம் கண்டுபிடித்துச் சிவப்பு விளக்கைப் போடும். மேசையில் நிற்கிற பெண் உடனே துணியை நிறுத்தி அந்த இடத்தில் அடையாளம் வைப்பார். காயத்தில் ஒட்டப்போகிற துணி என்பதால் இதில் சமரசமே கிடையாது. அந்தப் புரோகிராமை எழுதியவர் ஹெப்சிபா அக்கா. ஒரே ஆள். கம்பெனி கிடையாது, உதவிக்கு ஆள் கிடையாது.

அவருடைய அப்பா ஞானதுரை இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவர். அக்கா கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துச் சென்னைக்குப் போய், பெரிய கம்பெனி ஒன்றில் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்தார். அம்மா தங்கபாய்க்குப் பக்கவாதம் வந்தபோது வேலையை விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தார். பக்கத்திலேயே செய்கிற மாதிரி ஒரு வேலை வேண்டும் என்றுதான் இந்தப் புரோகிராமை எழுதினார். அம்மா போன பிறகு சென்னைக்குத் திரும்புவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். திரும்பவில்லை. தம்பி பஹ்ரைனில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பேசுவார். மற்ற நாட்களில் அந்தப் போனில் வருகிற குரல்கள் எங்களைப் போன்ற யூனிட்காரர்களுடையவைதான்.

இனி நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால், கம்பைலர் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். புரோகிராமை மனிதர்கள் படிக்கிற மாதிரிதான் எழுதுவோம். அதைக் கம்ப்யூட்டரின் மூளையான புராசஸருக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். அப்படி மாற்றுவதைக் 'கட்டுவது' என்போம். மாற்றும்போது அதற்குச் சில குறிப்புகள் கொடுக்கலாம். அவற்றை ஃப்ளாக் என்பார்கள். எந்தப் புராசஸருக்காக மாற்ற வேண்டும் என்பதும் ஒரு ஃப்ளாக். அதில் 'நேட்டிவ்' என்று கொடுத்தால், இப்போது எந்தப் பெட்டியில் உட்கார்ந்து மாற்றுகிறோமோ அந்தப் பெட்டிக்குத் தெரிந்த எல்லா வித்தையையும் பயன்படுத்திக்கொள் என்று பொருள். புதிய புராசஸர்களுக்கு எட்டு எண்களை ஒரே வீச்சில் கூட்டத் தெரியும். பழைய புராசஸருக்கு அந்தக் கட்டளையே தெரியாது. தெரியாத கட்டளை வந்தால் திக்கித் திணறிச் செய்தும் பார்க்காது. அந்த இடத்திலேயே நின்றுபோகும்.

எங்கள் முதலாளி எல்லா மேசைக்கும் பிறர் பயன்படுத்தி விற்ற கம்ப்யூட்டர்களைத்தான் வாங்கிப் போட்டிருந்தார். ஒன்று பாட்டன் காலத்துப் பெட்டி, இன்னொன்று புத்தம் புது மாடல், மற்றவை நடுவாந்தரம். நான் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் துணி ஓடுகிற வேகத்தைக் கூட்டினார். எல்லாப் பெட்டிக்கும் பொதுவாக அக்கா கொடுத்திருந்த புரோகிராம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. அப்போது அவர் இரண்டு ஷெட்டுக்கும் நேரில் வந்து, ஒவ்வொரு மேசையிலும் உட்கார்ந்து, அந்தந்தப் பெட்டியிலேயே 'நேட்டிவ்' போட்டுத் தனித்தனியாகக் கட்டிக் கொடுத்தார். ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. வேகம் பறந்தது. கட்டியதை மேசைக்கு ஒரு பென் டிரைவில் போட்டு, பருத்தி நாடாவால் கேமரா ஸ்டாண்டில் கட்டிவிட்டார். கேமராவின் உயரம், விளக்கின் வெளிச்சம், துணியின் அகலம் எல்லாம் மேசைக்கு மேசை மாறும். ஆகவே பென் டிரைவ் மேசையோடுதான் இருக்க வேண்டும். அதுவரை எல்லாம் சரி.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

எங்கள் முதலாளிக்குப் பூஜை என்றால் இராஜபாளையம் ஷெட்டில்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஷெட்டில் இருக்கிற சாமான்களும் மினி லாரியில் ஏறி இங்கே வந்துவிடும். கம்ப்யூட்டர் பெட்டிகளைக் கழற்றி, முற்றத்தில் வரிசையாக வைத்து, கம்ப்ரஸர் காற்றடித்து, உள்ளே அடைந்திருக்கும் பஞ்சை எல்லாம் ஊதி எடுப்போம். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தலையணைக்குப் பஞ்சு வரும். அப்புறம் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. எல்லாம் ஒரே கறுப்புப் பெட்டி. மறுநாள் கைக்கு எது கிடைத்ததோ அதை எடுத்துக்கொண்டுபோய் மேசையடியில் வைத்தோம். எது எந்த மேசையுடையது என்று யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை.

காலையில் சுவிட்சைப் போட்டதும் பாதி மேசைகளில் கறுப்புத் திரை. அதில் ஒரே வரி: 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்.'

வெள்ளைத்தாய் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார். முதல் மேசையில் பல வருஷமாக நிற்கிறவர். "நான் ஒண்ணும் பண்ணலப்பா. சந்தனம்தான் வச்சேன்."

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "இல்லீகல்னு போடுதே கௌதம்? அந்தம்மா நமக்குத் திருட்டு சாப்ட்வேரக் குடுத்துட்டாங்களா?"

"அப்படி இல்ல சார். புராசஸருக்குத் தெரியாத கட்டளை வந்திருக்குன்னு அர்த்தம்."

"பூசை போட்ட மறுநா தெரியாமப் போயிருச்சாக்கும்?" என்றார் வெள்ளைத்தாய். "நேத்து வர தெரிஞ்சிச்சே."

நான் போன் போட்டேன்.

"எந்த மேசை?"

"மூணு மேசை அக்கா. ஸ்ரீவில்லிபுத்தூர்லயும் ரெண்டு நிக்குதாம்."

"பெட்டிய மாத்தி வச்சீங்களா?" என்று கேட்டார். நான் பூஜையைப் பற்றிச் சொன்னேன். "வாரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். மழையைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அன்றுதான் அவரை முதன்முதலாக நேரில் பார்த்தேன். நாற்பதைத் தாண்டியவர். ஒல்லி. தோளில் லேப்டாப் பை. பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக மேசைக்குப் போய்ப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். புது மாடல் பெட்டிக்காகக் கட்டிய பென் டிரைவின் அடியில் பாட்டன் காலத்துப் பெட்டி உட்கார்ந்திருந்தது.

"பழையபடி மாத்தி வச்சிட்டா ஓடிருமே அக்கா?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்வதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். "மாத்தி வச்சா இன்னைக்கு ஓடும். அடுத்த வாரம் ஒண்ணுல பஞ்சு அடைச்சு ஃபேன் நிக்கும். நாங்க பக்கத்துப் பெட்டியத் தூக்கித்தான் வைப்போம். ஒவ்வொரு வாட்டியும் உங்களக் கூப்பிட்டுக்கிட்டு இருக்க முடியுமாம்மா? எந்தப் பெட்டிய எங்க வச்சாலும் ஓடணும், வேகமும் குறையக்கூடாது. வியாழக்கிழமை ஏற்றுமதி பார்ட்டி நேர்ல வந்து பாக்கப் போறாங்க."

"வியாழனுக்குள்ள முடியலைன்னா?"

"கோயம்புத்தூர்க்காரங்க பெட்டி, கேமரா, புரோகிராம் எல்லாத்தையும் சீல் வச்சு அவங்களே கொண்டாந்து வைக்கேங்காங்க. நான் அங்க போனா மத்த யூனிட்காரங்களும் அங்கதான் போவாங்க. உங்க மேல எனக்கு ஒண்ணும் கோவமில்லம்மா. எனக்குத் துணி ஓடணும்."

முதலாளி போனதும் வெள்ளைத்தாய் ஒரு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தார். "போனா போறாரு தாயி. உன் படிப்புக்கு வேற எடமா இல்ல?"

"இடம் இருக்கும்" என்றார் அக்கா, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே. "இந்தப் புரோகிராம் போயிருச்சுன்னா என்கிட்ட ஒரு நாள்ல ஒரு ஆள்கூடப் பேச மாட்டாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். வெள்ளைத்தாயும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

முதலில் அவர் எளிதான வழியைச் செய்து பார்த்தார். பாட்டன் காலத்துப் பெட்டிக்காகக் கட்டியது எல்லாப் பெட்டியிலும் ஓடும். பழைய கட்டளைகள் புதியவற்றுக்குத் தெரியும், புதியவைதான் பழசுக்குத் தெரியாது. அதை எல்லா பென் டிரைவுக்கும் ஏற்றினார். எல்லா மேசையும் ஓடியது. ஆனால் புதிய பெட்டி மின்சாரம் மிச்சமாகட்டும் என்று மெதுவாக ஓடுகிற வகை; எட்டை ஒரே வீச்சில் கூட்டும் வித்தை இல்லாமல், தன் கால்களை மறந்துவிட்டு ஊன்றுகோலோடு நடந்தது. கேமரா அனுப்புகிற படங்களில் பலவற்றைப் பார்க்காமலே தாண்டியது. பெரிய எண்ணெய்க் கறை ஒன்று வெள்ளைத்தாயின் கண்ணெதிரே விளக்கு எரியாமல் கடந்து போனது.

"இதுக்கு என் கண்ணே போதும்" என்றார் அவர்.

"போதும்தான், ஆனா பார்ட்டிக்காரன் நம்பமாட்டான்" என்று சொல்லிவிட்டு அக்கா லேப்டாப்பை மூடினார். "கௌதம், அந்தப் பழைய பெட்டிய நாளைக்கு எங்க வீட்டுக்குக் கொண்டு வர முடியுமா? என்கிட்ட இருக்கதெல்லாம் புதுசு. பழசு இல்லாம சோதிச்சுப் பாக்க முடியாது."

மறுநாள் பெட்டியை பைக்கில் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. கதவைத் திறந்ததும் டிவி ஓடுவது தெரிந்தது. சத்தமில்லை, படம் மட்டும்தான். நான் அதைப் பார்ப்பதைக் கவனித்து, "ஆள் நடமாட்டம் மாதிரி இருக்கும்னு போட்டு வச்சிருக்கேன்" என்றார். சுவரைப் பார்த்தபடி ஒரு மேசை, இரண்டு நாற்காலி. ஒரு நாற்காலி நிறையத் துவைத்த துணி. என்னை உட்காரச் சொல்லிவிட்டு அந்தத் துணியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்து நாளாகியிருக்கும் என்று தோன்றியது.

அவர் செய்தது இதுதான். புரோகிராம் முழுவதையும் பாட்டன் பெட்டிக்கும் புரிகிற பொதுவான ஃப்ளாக்கில் கட்டினார். கறையைத் தேடுகிற ஒரு பகுதிதான் வேகத்தைத் தின்கிறது. அந்தப் பகுதியை மட்டும் மூன்று விதமாகக் கட்டினார். பழசுக்கு ஒன்று, நடுவாந்தரத்துக்கு ஒன்று, புதுசுக்கு ஒன்று. மூன்றும் ஒரே புரோகிராமுக்குள் இருக்கும். ஓடத் தொடங்கும்போது, 'உனக்கு என்னவெல்லாம் தெரியும்' என்று புராசஸரிடமே கேட்டு, அதற்கேற்றதை எடுத்துக்கொள்ளும்.

பெட்டியில் போட்டோம். கேமரா ஜன்னல் திறந்தது. முதல் படம் வருவதற்குள் அதே வரி. 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்.'

அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எதிலே தப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் எழுதிய வரிகளை இருவரும் மேலிருந்து கீழாகப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. மத்தியானம் அவர் சோறு போட்டார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கையைக் கழுவாமல் எழுந்து போய் ஒரு கையால் தட்டினார்.

"நான் எழுதுனதுல இல்ல. இங்க இருக்கு பாரு."

கேமரா படத்தைப் படிக்கிற லைப்ரரி, அதாவது துணைப் புரோகிராம், அவர் எழுதியது அல்ல. வேறு யாரோ எழுதியதை வாங்கித் தன் லேப்டாப்பில் எப்போதோ கட்டி வைத்திருந்தார். அப்போது 'நேட்டிவ்' போட்டிருக்கிறார். தன் லேப்டாப்புக்கு மட்டும்தானே என்று. அது இப்போது புரோகிராமோடு சேர்ந்து போய்ப் பாட்டன் பெட்டியைக் கீழே தள்ளியிருக்கிறது. தன் வரிகளில் எல்லாம் பொதுவான ஃப்ளாக் போட்டவர், இரவல் வாங்கியதில் பார்க்க மறந்துவிட்டார்.

லைப்ரரியையும் பொதுவாகக் கட்டினார். ஓடியது. நான் கைதட்டிவிட்டேன். அவர் கைதட்டவில்லை. ஷெட்டில் எடுத்த பழைய படங்களைப் பாட்டன் பெட்டியிலும் தன் லேப்டாப்பிலும் ஓடவிட்டு, இரண்டின் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மங்கலான ஒரு கறையைப் பழசு 'கறை' என்றது. புதுசு 'நல்ல துணி' என்றது.

"எப்படி அக்கா? ஒரே கணக்குத்தானே?"

"கணக்கு ஒண்ணுதான். புதுசு பெருக்கலையும் கூட்டலையும் ஒரே வீச்சுல பண்ணிரும், கடைசியில ஒரு தடவதான் தசமத்தச் சுருக்கும். பழசு பெருக்கினதும் ஒரு தடவ, கூட்டினதும் ஒரு தடவ சுருக்கும். நூலளவு வித்தியாசம். விளிம்புல இருக்க கறைக்கு அது போதும்."

"இவ்ளோ மங்கலானத யாரு அக்கா பாக்கப் போறா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒரே துணி மூணாவது மேசையில பாஸ், முதல் மேசையில ஃபெயில்னா வெள்ளைத்தாய் எந்தக் கண்ண நம்புவாங்க? அவங்க என்ன கேப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். 'உம் மிசினுக்கே ஒரு வாக்கு இல்லையே' என்று கேட்பார். பெருக்கலையும் கூட்டலையும் ஒன்றாக்காதே என்று கம்பைலருக்குச் சொல்லவும் ஒரு ஃப்ளாக் இருக்கிறது. அதையும் போட்டார். வேகம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் துணியின் ஓட்டத்துக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டு பெட்டியும் ஒரே தீர்ப்பைச் சொன்னது.

வியாழக்கிழமை பார்ட்டி வருவதற்கு முன்னால், வெள்ளைத்தாயைக் கூப்பிட்டு, "உங்க இஷ்டத்துக்குப் பெட்டிய மாத்தி வைங்க. நான் பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார் அக்கா. வெள்ளைத்தாய் இதுதான் சமயம் என்று ஆட்களை வைத்து எல்லாவற்றையும் இடம் மாற்றினார். ஒரு பெட்டியைத் தலைகீழாகக்கூட வைத்தார்.

"ஏலே கௌதமு, இதுக்கு என்ன செய்யும்னு பாப்பம்."

எல்லா மேசையும் ஓடியது. தலைகீழாக இருந்ததும் ஓடியது. பார்ட்டிக்காரர்கள் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். கோயம்புத்தூர்ப் பேச்சு அன்றோடு நின்றது.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "ஹெப்சிபாம்மா, அசத்திட்டீங்க. இனிமே நீங்க இந்த ஷெட்டுப் பக்கம் அலையவே வேண்டாம். போன்கூட எடுக்க வேண்டாம். தானா ஓடும்." இதைவிடப் பெரிய பாராட்டு அவருக்குத் தெரியாது.

"ஆமா சார்" என்றார் அக்கா. பையை மாட்டிக்கொண்டு போனார்.

முதலாளி சொன்னது போலவேதான் ஆனது. ஃபேன் நின்றால் பக்கத்துப் பெட்டியைத் தூக்கி வைத்தோம். ஓடியது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெட்டி இங்கே வந்தது, இங்கே இருந்தது அங்கே போனது. ஓடியது. மற்ற யூனிட்களும் அதையே வாங்கிப் போட்டார்கள், அங்கேயும் ஓடியது. கார்த்திகை போய், மார்கழி போய், பொங்கலும் போனது. ஷெட்டில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிற நம்பர் யாருடையது என்றே தெரியவில்லை. எனக்கு வேலை நெருக்கடி. போன் போட வேண்டிய காரணமும் இல்லை.

மாசி மாதம் ஒரு நாள் அக்கா தானாகவே வந்தார். முதலாளி பதறி எழுந்தார். "என்னம்மா, எதுவும் கோளாறா?"

"இல்ல சார். ஒரு புது வெர்ஷன் போடணும்."

எல்லா பென் டிரைவிலும் நிதானமாகப் போட்டார். போட்ட பிறகு முதல் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து துணி ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைத்தாய் பேரனுடைய படத்தைப் போனில் காட்டினார். பேர் என்ன, பால் குடிக்கிறானா, யார் ஜாடை என்று அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டார். "நீ மெலிஞ்சு போயிட்டியே தாயி" என்றார் வெள்ளைத்தாய். "சமைக்கச் சோம்பலா இருக்கு" என்றார் அக்கா. ஷிப்ட் மாறுகிற நேரம் வந்ததும் எழுந்து கிளம்பினார்.

அவர் போனதும், புது வெர்ஷனில் என்ன மாற்றினார் என்று பார்க்கும் ஆசை வந்தது. பழைய நகல் என்னிடம் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டேன். மேலே வெர்ஷன் எண் ஒன்று கூடியிருந்தது. அதைத் தவிர ஒரு பைட்கூட மாறவில்லை.

முதலாளி பின்னால் வந்து நின்றார். "என்னத்த மாத்துனாங்க?"

"வேகம் கொஞ்சம் கூடியிருக்கு சார்."

"ஆமாமா. பாக்கும்போதே தெரியுது" என்றார்.

நான் கேட்டுக்கு வந்தேன். எதிர்ப்பக்கம் ஸ்டாப்பில் அக்கா நின்றுகொண்டிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஒன்று வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. இடம் இருந்தது. அவர் ஏறவில்லை. பின்னாலேயே இன்னொன்று வந்தது. அதையும் விட்டுவிட்டு, ஷிப்ட் முடிந்து கூட்டமாகப் பேசிக்கொண்டு வருகிற பெண்களைப் பார்த்தபடி நின்றிருந்தார்.